ஒரே போர்மில் மூன்று கலண்டர்: விதைப்பு, யூரியா, அறுவடை

கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்காரர் அமைப்புகளுக்கான நெற்பதிவுப் படிவம், மைக்ரோசொஃப்டின் பழைய வலைப்பக்கக் கருவியான ஏஎஸ்பி.நெட் வெப் போர்ம்ஸில் செய்தது. விதைத்த திகதி, யூரியா போட்ட திகதி, அறுவடைத் திகதி என மூன்று கலண்டர். புதிய டொட்நெட்டில் வெப் போர்ம்ஸே கிடையாது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் சேர்வரில் ஓடிக்கொண்டிருப்பதைத்தானே திருத்த வேண்டியிருக்கிறது.

திகதியைத் தொட்டதும் ஓடும் மெதட் (கோட் துண்டு) மூன்றுக்கும் தனித்தனியாகத் தேவையில்லை. மூன்று கலண்டர் டாக்கிலும் (பக்கத்தில் கலண்டரை வைக்கும் குறி), தெரிவு மாறியதைக் குறிக்கும் ஆன்செலெக்ஷன்சேஞ்ச்ட் என்ற இடத்தில் ஒரே மெதட்டின் பெயரைக் கொடுங்கள். நிகழ்வை எழுப்பியது எது என்று சொல்லி உள்ளே வரும் சென்டரைக் கலண்டராக மாற்றி ஐடியைப் பார்த்தால், கையை வைத்தது எதில் என்று தெரிந்துவிடும். டாக்கிலும் கொடுத்து, சி ஷார்ப் கோடிலும் பிளஸ் ஈக்வல் (+=) போட்டு இணைத்தால் ஒரு கிளிக்குக்கு மெதட் இரண்டு தரம் ஓடும்.

கூடுதலாகத் தலையைக் குழப்புவது, பக்கம் ஏறும் ஒவ்வொரு தரமும் ஓடும் பேஜ்லோட். அங்கே மூன்று கலண்டருக்கும் இன்றைய திகதியை வைத்துவிட்டு, போஸ்ட்பேக்கா (கிளிக்கால் பக்கம் சேர்வருக்குப் போய்த் திரும்புவதா) என்று பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும்? பேஜ்லோட் முதலில் ஓடும், கிளிக்கின் நிகழ்வு அதற்குப் பிறகுதான். அதனால் தொட்ட கலண்டரில் தெரிவு சரியாக நிற்கும். மற்ற இரண்டும் சத்தமில்லாமல் இன்றைய திகதிக்குத் திரும்பிவிடும். ஒரு கலண்டரை மட்டும் வைத்துச் சோதித்தால் இது கண்ணிலேயே படாது. தொடக்கத் திகதிகளை இஸ்போஸ்ட்பேக் இல்லாதபோது மட்டும் வையுங்கள்.

அடுத்தது, ஒன்று மாற மற்றது மாறுவது. மூன்றரை மாத நெல் என்றால் விதைத்த நாளோடு 105 நாளைக் கூட்டி அறுவடைத் திகதியை நிரப்புகிறோம். மாரிப் பருவமான காலபோகத்தில் நவம்பர் 10ஐத் தொட்டால் பெப்ரவரி 23 வரும். தெரிவான திகதியை வைத்திருக்கும் செலெக்டட்டேட் சரியாக மாறியிருக்கும், ஆனால் அறுவடைக் கலண்டர் பழைய மாதத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காதது போலிருக்கும். எந்த மாதம் தெரியவேண்டும் என்று சொல்லும் விசிபிள்டேட்டையும் அதே திகதிக்கு மாற்றவேண்டும். கோடால் திகதி வைத்தால் அந்தக் கலண்டரின் செலெக்ஷன்சேஞ்ச்ட் எழும்பாது என்பதையும் கவனியுங்கள். அறுவடை மாறும்போது செய்யவேண்டிய வேலை இருந்தால் அதைத் தனி மெதட்டில் போட்டு நேரே கூப்பிடுங்கள். ஏற்கெனவே தெரிவான நாளையே திரும்பத் தொட்டாலும் நிகழ்வு வராது. அறுவடைத் திகதியைக் கையால் மாற்றிய ஒருவர் பழைய கணக்குக்குப் போக விரும்பினால், 'மீளக் கணக்கிடு' என்று ஒரு பட்டன் வேண்டும்.

பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புக்கு இறுதித் திகதி முடிவாகும். அதற்குப் பிந்திய நாட்களைத் தொடமுடியாமல் செய்ய ஒவ்வொரு நாளின் கட்டத்தையும் வரையும்போது ஓடும் டேரெண்டரில் இஸ்செலெக்டபிளை ஃபோல்ஸ் ஆக்கினால் போதும். இந்த நிகழ்வு ஒரு கலண்டருக்கு 42 தரம், மூன்றுக்கும் சேர்த்து 126 தரம் ஓடும். அதற்குள் டேட்டாபேஸைக் கேட்காதீர்கள். இறுதித் திகதியை முன்னரே ஒரு வேரியபிளில் எடுத்து வையுங்கள்.

சேமிக்கும் பட்டனிலும் சோதனை வேண்டும். தொடக்கத் திகதியும் வைக்காமல், தெரிவும் செய்யாமல் விட்ட கலண்டர் வெறுமையாக இராது. 0001 ஜனவரி 1 என்று திகதி தரும். அறுவடை விதைப்புக்குப் பிந்தியதா என்ற கேள்வியில், விதைப்பை விட்டவரும் சுலபமாகத் தேறிவிடுவார். போதாததற்கு டேட்டாபேஸான எஸ்கியூஎல் சேர்வரின் டேட்டைம் என்ற திகதி வகை 1753இல்தான் தொடங்குகிறது, அங்கே போய் எரர் அடிக்கும். ஆகவே முதலில் திகதி அந்த 0001 ஜனவரி 1, அதாவது டேட்டைம் மின்வேல்யூவா என்று பாருங்கள்.

மாதத்தைத் தள்ளினாலும் போஸ்ட்பேக்தான். சிக்னல் இழுபடும் காட்டோரக் கிராமங்களில் இது பெரிய தொல்லை. மூன்று கலண்டரையும், பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் ஒரே அப்டேட்பனலுக்குள் வைத்தோம். தனித்தனிப் பனலில், தேவையானபோது மட்டும் புதுப்பிக்கும் கண்டிஷனல் என்று வைத்தால் அறுவடைப் பனலுக்கு அப்டேட் மெதட்டைக் கூப்பிடாமல் புதிய திகதி தெரியாது. பனல் போட்டாலும் பக்கத்தின் நிலையைச் சுமக்கும் வியூஸ்டேட் முழுதாகப் போய்வருவது குறையாது. அதே பக்கத்தில் நீளமான கிரிட்வியூ (தரவு அட்டவணை) இருந்தால் அதன் வியூஸ்டேட்டை நிறுத்தி, தேவையானபோது தரவைத் திரும்பப் பைண்ட் பண்ணிக்கொள்ளுங்கள்.