நார்மண்டியில் யார் யார் இறங்கினார்கள்?

இரண்டாம் உலகப் போரில், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய 1944 ஜூன் 6 தரையிறக்கம் என்றாலே பலருக்கு ஒமாஹா கடற்கரையும் அமெரிக்க வீரர்களும்தான் நினைவுக்கு வரும். கணக்கு அப்படி இல்லை. கடற்கரைகள் ஐந்து: யூட்டா, ஒமாஹா அமெரிக்கர்களுக்கு; கோல்ட், சோர்ட் பிரிட்டனுக்கு; ஜூனோ கனடாவுக்கு. அன்று வந்திறங்கிய சுமார் 1,56,000 பேரில் அமெரிக்கர் ஏறத்தாழ 73,000. மீதி 83,000 பேரையும் 'பிரிட்டிஷார்' என்று எழுதிவிடுவதுதான் அடுத்த பிழை. அதில் 21,000-க்கு மேற்பட்டோர் கனடியர்கள்!

கடலில் வித்தியாசம் இன்னும் பெரிது. 1,213 போர்க்கப்பல்களில் 892 பிரிட்டனுடையவை, அமெரிக்காவினுடையவை 200. கடற்படைத் தளபதி ராம்சேயும் பிரிட்டிஷ்காரர். சோர்ட் கடற்கரைக்கு அப்பால் டார்பிடோ தாக்கி மூழ்கிய 'ஸ்வென்னர்' நார்வேயின் நாசகாரிக் கப்பல். அதே சோர்டில் கீஃபர் தலைமையில் இறங்கிய பிரெஞ்சு கமாண்டோக்கள் 177 பேர்.

படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எண்ணிக்கை கடல்வழி வந்தவர்களுக்கு மட்டுமா, பாராசூட், கிளைடர் படைகளும் சேர்த்தா? பாதிக் குழப்பம் அங்கேதான்.