கருப்பிக்கு ஒரு சத்தமில்லாத வீடு

எங்கள் நாய்கள் காப்பகத்துக்கு வருகிறவர்கள் கருப்பியின் முதுகைத்தான் பார்ப்பார்கள். மூலையில் முகத்தைப் புதைத்து, வாலைக் காலிடுக்கில் சுருட்டிக்கொண்டு நிற்பாள். சுற்றிலும் ஓயாத குரைப்பு. நம் காதுக்கு எட்டாத 40,000 ஹெர்ட்ஸ் ஒலிகூட நாய்க்குக் கேட்கும். பாவம், என்ன செய்வாள்?

அவளைத் தத்துக் கேட்ட அண்ணா நகர் மெயின் ரோட்டு ஃபிளாட்காரர் நல்ல மனிதர்தான், ஆனாலும் வேண்டாம் என்றேன். குழந்தைகள் இல்லாத, பக்கத்தில் கல்யாண மண்டபம் இல்லாத தனி வீடு வேண்டும். (சென்னையில் இது பேராசைதான்.) கடைசியில் செங்கல்பட்டுப் பக்கம் ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர் கிடைத்தார். "நான் பாட்டுக்குப் பேப்பர் படிப்பேன், அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். சரி, இவர்தான் என்று தோன்றியது.

கட்டிலுக்கடியில் கிடந்தால் இழுக்காதீர்கள், இப்போதைக்குக் குளிப்பாட்டவும் வேண்டாம் என்றேன். அப்புறம், தீபாவளிக்கு முன்பே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். பட்டாசுச் சத்தத்தில் மிரண்டபிறகு மாத்திரை கொடுத்துப் பெரிய பயனில்லை.