ஏழாவது சீட்டும் மச்சானும்

ஏழு பேரு இருக்குற வீட்டுக்கு அஞ்சு சீட்டு காரு பத்தாதுன்னு சின்னப் புள்ளைக்குக் கூட தெரியும், எங்களுக்கு தெரிய நாலு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் எங்க போனாலும் அஞ்சு பேரு கார்ல, அப்பாவும் மச்சானும் பின்னாடியே பைக்குல, மழை வந்துச்சுன்னா நாங்க கண்ணாடி வழியா பாவமா பார்ப்போம், எங்களால முடிஞ்ச உதவி அவ்வளவுதான். ஒருநாள் அப்பா தொப்பலா நனைஞ்சு வந்து "ஒண்ணு பெரிய வண்டி வாங்கு, இல்ல என்னை எங்கயும் கூப்பிடாத"ன்னுட்டாரு. ரெண்டாவதுதான் செலவு கம்மி, ஆனா வாய்விட்டு சொல்ல முடியுமா.

ஆராய்ச்சில இறங்கிட்டேன். ஒரு மாசம் சரியா தூக்கமே இல்ல. 1984ல ரெனோ எஸ்பாஸ்னு ஒரு ஏழு சீட்டு வண்டி வந்தப்ப முதல் மாசம் ஒம்போதே ஒம்போதுதான் வித்துச்சாம்னு படிச்சுட்டு, தூங்கிட்டிருந்த மனைவியை எழுப்பி சொன்னேன். "அந்த ஒம்போது வீட்டுலயும் ஒரு மச்சான் இருந்திருப்பான், படுங்க"ன்னா. அவ தம்பியை அவளே சொன்னதால நான் வாயைத் திறக்கல.

ஷோரூமுக்கு ஏழு பேருமா போனோம். அங்க நடு வரிசைல கேப்டன் சீட்டுன்னு கைப்பிடி வச்சு தனித்தனியா ரெண்டு சீட்டு, அம்மா அதுல உக்காந்து கையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வச்சதும் மொகமே மாறிடுச்சு, இனிமே எறங்க மாட்டாங்க போலன்னு நானும் அட்வான்ஸ் குடுக்க பைக்குள்ள கைய விட்டுட்டேன், அப்பதான் பையன் விரல் விட்டு எண்ணிட்டு "அப்பா, ஆறுதான் வருது"ன்னான். ரெண்டு, ரெண்டு, ரெண்டு. ஆமா, ஆறுதான். எல்லாரும் ஒரே நேரத்துல திரும்பி மச்சானைப் பார்த்தோம். "என்ன?"ன்னான். ஒண்ணுமில்லப்பான்னுட்டு நடுவுல மூணு பேரு உக்கார்ற நீள சீட்டு வண்டிக்கு நகர்ந்தோம்.

டெஸ்ட் ட்ரைவ்னா எல்லாரும் தனியா ஓட்டிப் பார்த்துட்டு வந்துடுறாங்க, காலியா இருந்தா எந்த வண்டியும் பறக்கத்தான் செய்யும், ஏழு பேரோட மேடு ஏறுதான்னு பார்க்கணும்னு நான் அடம்புடிச்சேன். எல்லாரும் ஏறியாச்சு. சேல்ஸ் தம்பி தனக்கு இடம் தேடி வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தாரு, இல்ல. என் பழைய கார் சாவியை வாங்கி கையில வச்சுக்கிட்டு "வந்ததும் எல்லா வசதியும் சொல்லித் தர்றேன் சார்"னு வாசல்லயே நின்னாரு. திரும்பி வந்தப்ப ஆளாளுக்கு ஒரு கலரு சொல்லி சண்டை, அவரு பேச வாயைத் திறந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கு.

வண்டி வந்துச்சு. முதல் ட்ரிப்புக்கு டிக்கியைத் திறந்தா, கடைசி சீட்டை நிமித்தி வச்சா ரெண்டு ஸ்கூல் பேக் நிக்குற இடம்தான் மிச்சம். அதாவது ஏழு பேரும் போகலாம், ஆனா யாரும் துணி மாத்தக் கூடாது. மடியில, காலடியிலன்னு பைகளை ஏத்திக்கிட்டு கெளம்பினா, இருட்டினதும் எதிர்ல வர்றவன் எல்லாம் லைட்டை அடிச்சு அடிச்சு காட்டுறான், அப்பா பெருமையா "எல்லாரும் உனக்குத் தெரிஞ்சவங்களாடா?"ங்கிறாரு. அப்புறம்தான் புரிஞ்சுது, பின்பக்கம் பாரத்துல அமுங்கி மூக்கு மேல தூக்கி என் ஹெட்லைட் அவன் கண்ணுலயே அடிச்சிருக்கு. ஸ்டியரிங் பக்கத்துல 0, 1, 2, 3ன்னு ஒரு திருகு இருக்கே, அது ஹெட்லைட் வெளிச்சத்தை கீழ எறக்கத்தானாம், நான் அதை ஏசின்னு நெனச்சு திருகிட்டு இருந்தேன். டயர் காத்தும் அப்படித்தான், ஆள் நெறைய ஏறினா பின் டயருக்கு கூட வைக்கணும்னு டிரைவர் கதவுத் தூண்ல ஸ்டிக்கரே ஒட்டியிருக்கான்.

சரி, மச்சான் கதைக்கு வர்றேன். கடைசி வரிசை அவனுக்கும் பையனுக்கும். பின் ஆக்சிலுக்கு மேலயே உக்கார்றதால குழியில வண்டி விழுந்தா நமக்கு குலுங்கும், அவங்களுக்கு தலை கூரைய தொடும், முட்டி தாடையை தொடும். நடு சீட்டுல ஒரு பக்கம் பாப்பாவோட சைல்டு சீட்டு மாட்டியிருக்கு, அதை மடக்க முடியாது, இன்னொரு பக்கம் அம்மா. மச்சான் எறங்கணும்னா அம்மா முட்டியைப் புடிச்சுக்கிட்டு முதல்ல எறங்கணும்.

அன்னைக்கு ஒரு இடத்துல டாய்லெட் போக நிறுத்தினோம். அம்மா எறங்கினாங்க, பையன் சந்துல நுழைஞ்சு வந்துட்டான், நான் சீட்டை நேரா தள்ளிட்டு லாக் பண்ணிட்டு நடந்துட்டேன். ரெண்டு நிமிஷம் கூட ஆகல, ஒரு வண்டி அலாரம் அடிச்சு ஊரையே கூட்டுது. யாரு வண்டிடா இதுன்னு எரிச்சலா திரும்பிப் பார்த்தேன். எங்க வண்டி. உள்ள மச்சான், இப்பதான் தூங்கி எழுந்தவன், ஒரு கால் சீட்டுக்கு மேல, ஒரு கால் எங்கன்னு தெரியல. ஓடிப்போய் திறந்தா கால் சிக்கிக்கிட்டு நகர மாட்டேங்குது, நாங்க ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்குறோம். பக்கத்து வண்டிக்காரர் ஒருத்தரு எட்டிப் பார்த்துட்டு "பின்னாடி ஒரு பட்டை தொங்கும் பாருங்க, அதை இழுங்க"ன்னாரு. இழுத்தான். சீட்டு டப்புனு மடங்கி ஆள் வெளிய வந்து விழுந்தான்.

"எனக்கு அது முன்னாடியே தெரியும் மாமா, தெனம் அதை இழுத்துதான் வெளையாடுவேன்"ங்கிறான் என் பையன்.

மச்சான் இப்பல்லாம் பைக்குலயே வந்துடுறான். அவன் சீட்டை மட்டும் மடக்கிட்டு பெட்டி வச்சுக்கிறோம், தாராளமா இடம் இருக்கு.