ஜெர்சி எடுத்து வைக்க வந்த பையன்

1990 ஆகஸ்ட் 28. லிவர்பூலின் ஆன்ஃபீல்டு கால்பந்து மைதானம். வெளியூர் அணியான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் உடை மாற்றும் அறையில், 19 வயது அயர்லாந்துப் பையன் ஒருவன் ஜெர்சிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். கூடமாட உதவத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று அவன் நினைப்பு. மேலாளர் பிரையன் கிளஃப் வந்து, ஏழாம் எண் ஜெர்சியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அப்புறம்தான் தெரிந்தது, அன்றைக்கு அவன் ஆடப்போகிறான் என்று.

கால்பந்து வீரர் ராய் கீனுக்கு ஃபாரஸ்டின் முதன்மை அணியில் முதல் ஆட்டம் அப்படி வாய்த்தது. பயப்படக்கூட நேரமில்லை. (2-0 என்று தோற்றார்கள், அது வேறு விஷயம்.) நானெல்லாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பத்து நாள் அடையாள அட்டைக்கே அலைந்தவன்.

அதற்கு முந்தைய கதை எளிதானதல்ல. அயர்லாந்தின் கார்க் நகரத்துப் பையன். ஆள் சின்ன உருவம் என்று இங்கிலாந்து கிளப்புகள் ஒதுக்கின. தானே கடிதம் எழுதிப் பார்த்தும் பலிக்கவில்லை. 1989இல் கோவ் ராம்ப்ளர்ஸ் என்ற சிறிய அணியில் சேர்ந்தார். வாரநாளில் டப்ளினில் பயிற்சி, வாரக்கடைசியில் ஊருக்கு வந்து ஆட்டம். டப்ளினில் நடந்த ஓர் இளையோர் கோப்பை ஆட்டத்தில் அணி தோற்றது; ஆனால் வேடிக்கை பார்த்த ஃபாரஸ்ட் ஆள் இவரைக் குறித்துக்கொண்டார். ஃபாரஸ்ட் அவரை வாங்கிய விலை 47,000 பவுண்டு.

நாட்டிங்ஹாமில் வீட்டு ஏக்கம் பிடித்துக்கொண்டது. சில நாள் கார்க் போய்வருகிறேன் என்று அடிக்கடி போய் நிற்பார். கிளஃப் தாராளமாக அனுப்பி வைத்தார். அதே கிளஃப்தான், 1991இல் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை ஆட்டமொன்றில் கீன் தன் கோல்கீப்பருக்குத் தட்டிய பந்து வேகமில்லாமல் போய் எதிரணிக்குக் கோலானதும், உடை மாற்றும் அறையில் அவர் முகத்தில் குத்தினார். இன்றைக்கு என்றால் எச்ஆர் வரை போயிருக்கும், போகவும் வேண்டும். கீனோ, தான் பார்த்த மேலாளர்களில் கிளஃப்தான் சிறந்தவர் என்கிறார். அந்தக் குத்தை எனக்கு ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் அந்த லீவு புரிகிறது.

1993இல் 37.5 லட்சம் பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட் அவரை வாங்கியது. ஒரு வீரரை வாங்கக் கொடுத்த தொகையில் அப்போது அது பிரிட்டிஷ் சாதனை.

இதைப் படித்த வாரம், என் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக ஊருக்குப் போக லீவு கேட்டு வந்து நின்றான். "அம்மாவுக்கு முடியலை சார்" என்றான். பொய் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டேன். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தான். நானும் ஒன்றும் கேட்கவில்லை.