48 வோல்ட் லைனும் நான் கருக்கிய நான்கு மாஸ்ஃபெட்டும்

மாடிப்படிக்குக் கீழே, முன்பு வெங்காயக் கூடை இருந்த இடத்தில் இப்போது ஒரு பிளைவுட் பலகை நிற்கிறது. அதில் 25.6 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரிக்கும் வீட்டுக்குள் ஓடும் 48 வோல்ட் டிசி லைனுக்கும் நடுவில் வோல்ட்டேஜை ஏற்றி இறக்க நானே கட்டிய ஒரு கன்வர்ட்டர். வெயில் இருக்கும்போது சோலார் தரும் மிச்சத்தை பேட்டரிக்குள் இறக்கும். இருட்டினால் பேட்டரியில் இருந்து லைனுக்கு ஏற்றும். ஒரே போர்டு, இரண்டு திசை. கட்டி முடிக்க நான்கு மாதம் பிடித்தது.

கோயம்புத்தூரில் ஸ்பின்னிங் மில்களுக்கு டிரைவ் போர்டு சர்வீஸ் செய்வது என் தொழில். நாள் முழுக்க அடுத்தவர் கருக்கிய போர்டைப் பார்க்கிறவன் வீட்டுக்கு வந்து தானே கருக்க ஆரம்பித்ததற்குக் காரணம் பழைய இன்வெர்ட்டர். ஒரு ராத்திரி எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே ஓடாமல் 22 வாட் தின்றுகொண்டிருந்தது. எங்கள் பிஎல்டிசி ஃபேன் (டிசி மோட்டார் வைத்த, மின்சாரம் குறைவாகத் தின்னும் ரகம்) ஒன்று ஓடுவதற்கே 28 வாட்தான். அந்த ஃபேனைத் திறந்தால் உள்ளே 230 வோல்ட் ஏசியை 24 வோல்ட் டிசியாக மாற்றும் போர்டு. பேட்டரியில் 24 இருக்கிறது, ஃபேனுக்கு வேண்டியது 24. நடுவில் 230 வரை ஏறி இறங்கி வருவானேன்?

24ஐ அப்படியே வீடு முழுக்க ஓட்ட முடியாது, வயர் விடாது. ஒன்றரை ஸ்கொயர் செம்பு வயர் 15 மீட்டர் போய்த் திரும்பினால் சுமார் 0.36 ஓம். 96 வாட் லோடுக்கு 24 வோல்ட்டில் நாலு ஆம்பியர், வழியிலேயே 1.4 வோல்ட் போய்விடும். 48 என்றால் ரெண்டு ஆம்பியர், 0.7 வோல்ட் இழப்பு. தொட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாத அளவு. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் வீட்டு டிசிக்கு இதே 48ஐத்தான் எடுத்துக்கொண்டார்கள். 2017இல் ஐஎஸ் 16711 என்று இந்தியத் தரமே வந்துவிட்டது.

"மாமா, 48 வோல்ட் பேட்டரியே வாங்கிப் போட்டிருந்தா இவ்வளவு வேல இல்லீங்களே?" என்று மைத்துனன் கேட்டான். நியாயமான கேள்விதான். பேட்டரி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

சர்க்யூட் சின்னது. மேலே லைன் பக்கம் ஒரு மாஸ்ஃபெட், அதாவது மின்னணு சுவிட்ச்; கீழே கிரவுண்ட் பக்கம் ஒரு மாஸ்ஃபெட்; நடுப்புள்ளியில் இருந்து பேட்டரிக்கு ஒரு காயில். இரண்டு மாஸ்ஃபெட்டும் மாறி மாறி ஆன் ஆகும். இரண்டும் ஐஆர்எஃப்பி4110, 100 வோல்ட் தாங்கும். வேகம் 100 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு ஒரு லட்சம் சுற்று. காயில் 22 மைக்ரோஹென்றி. 20 ஆம்பியர் போகும்போது அதன் மேல் ஐந்தரை ஆம்பியர் ரிப்பிள், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் வரும் ஏற்ற இறக்கம். காயிலுக்கான கம்பியை மோட்டார் ரீவைண்டிங் கடையில் நிறுத்து வாங்கினேன். 25 கேஜ் கம்பி, 25 இழை. ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை டிரில்லிங் மெஷினில் மாட்டிச் சுற்றினால் கயிறு மாதிரி முறுக்கேறிவிடும். ஒரே தடிக் கம்பியாகப் போட்டால் காயில் சுற்றும் வளையமான டொராய்டில் வளையாது. இந்த வேகத்தில் ரிப்பிள் கரண்ட் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும் என்பது இன்னொரு காரணம்.

அப்புறம்தான் கூத்து. கன்வர்ட்டரை மெல்லத் தொடங்க வைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட் புரோகிராம் எழுதினேன். எந்த சார்ஜரிலும் செய்வது போல மேல் மாஸ்ஃபெட்டின் டூட்டியை, அதாவது ஒரு சுற்றில் அது ஆனில் இருக்கும் சதவீதத்தை, பூஜ்யத்தில் இருந்து மெல்ல ஏற்றினேன். சுவிட்ச் போட்டதும் ஒரு 'டப்'. இரண்டு மாஸ்ஃபெட்டும் ஷார்ட், பின்னாலேயே 30 ஆம்பியர் ஃபியூஸும் போனது. மேலும் கீழும் ஒரே நேரத்தில் ஆன் ஆகிவிட்டது என்று நினைத்து, இரண்டும் ஆஃபில் இருக்கும் இடைவெளியான டெட் டைமைக் கூட்டி, புது ஜோடி போட்டு, மறுபடி சுவிட்ச் போட்டேன். மறுபடி 'டப்'. சமையலறையில் இருந்து, "ஏனுங்க, படிக்கட்டுக்கடியில என்னத்த வெடிக்கிறீங்க?"

அன்றைக்கு ராத்திரி ரஃப் நோட்டில் கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. சாதாரண சார்ஜரில் கீழே இருப்பது டயோடு, ஒரு திசையில்தான் கரண்டை விடும். இதில் கீழேயும் மாஸ்ஃபெட். மேலே ஒரு சதவீதம் ஆன் என்றால் கீழே 99 சதவீதம் ஆன். அதாவது பேட்டரியை காயில் வழியாக நேரே கிரவுண்டில் வைத்திருக்கிறேன். 25.6 வோல்ட், 22 மைக்ரோஹென்றி: ஒவ்வொரு மைக்ரோ செகண்டுக்கும் ஓர் ஆம்பியருக்கு மேல் ஏறும். பத்தே சுற்றில் 100ஐத் தாண்டும். மெதுவாகத் தொடங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு முழு வேகத்தில் சுவரில் முட்டியிருக்கிறேன்.

இப்போது முதலில் இரண்டு பக்க வோல்ட்டேஜையும் அளந்து, 25.6க்கு 48 என்றால் 53 சதவீதம், அந்த இடத்திலேயே தொடங்குகிறது. ராத்திரியில் லைன் செத்துக் கிடந்தால், ஒரு ரெசிஸ்டர் வழியாக அதைப் பேட்டரி அளவுக்கு நிரப்பிவிட்டு, 97இல் தொடங்கி மெல்லக் கீழே இறங்கும். சாஃப்ட் ஸ்டார்ட் தலைகீழாக.

இந்தக் கணக்கு இன்னொரு முட்டாள்தனத்தையும் காட்டிக்கொடுத்தது. சார்ஜ் செய்ய ஒரு புரோகிராம், டிஸ்சார்ஜுக்கு இன்னொரு புரோகிராம் என்று தனித்தனியாக எழுதி வைத்திருந்தேன். மேகம் போகிற நாளில் அது இரண்டுக்கும் நடுவில் தாவித் தாவி, ஃபேன் விக்கும். உண்மையில் இரண்டு மோடு என்று ஒன்றும் இல்லை. 53 சதவீதத்தில் தராசு முள் நடுவில் நிற்கிறது. அதிலிருந்து அரை சதவீதம் கூட்டினால் கால் வோல்ட் வித்தியாசம்; வழியில் இருப்பது 20 மில்லி ஓம்; 12 ஆம்பியர் பேட்டரிக்குள் போகும். அரை சதவீதம் குறைத்தால் அதே 12 வெளியே வரும். லைன் 48.5க்கு மேலே போனால் உள்ளே இழு, கீழே வந்தால் வெளியே விடு, எவ்வளவு விலகலோ அவ்வளவு ஆம்பியர். பழைய இரண்டு புரோகிராமையும் அழித்தேன். சோலார் கன்ட்ரோலரோடு பேச சிக்னல் வயர்கூட வேண்டாம், லைன் வோல்ட்டேஜே தகவல்.

அரை சதவீதத்துக்கு 12 ஆம்பியர் என்றதும் கன்ட்ரோலர் போர்டும் மாற வேண்டியதாயிற்று. முதலில் வைத்த எஸ்டிஎம்32எஃப்103 சிப் 72 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. 100 கிலோஹெர்ட்ஸ் சுற்றுக்கு 720 படிதான் கிடைக்கும். ஒரு படி நகர்ந்தாலே மூன்று ஆம்பியருக்கு மேல் குதிக்கும். ஒரு ஆம்பியர் கேட்டால் அது பூஜ்யத்துக்கும் மூன்றுக்கும் நடுவில் ஊசலாடும், காயில் கொசு மாதிரி கத்தும். எஸ்டிஎம்32ஜி474இல் 184 பிக்கோ செகண்ட் படி வருகிறது, ஒரு சுற்றில் 54,000க்கு மேல். மாற்றிய அன்றே கொசு செத்தது.

போன மாதம் ஹாலில் காலண்டர் மாட்ட ஆணி அடித்தேன், நேராக லைனில். சாஃப்ட்வேர் உடனே இரண்டு மாஸ்ஃபெட்டையும் அணைத்தது. கரண்ட் நிற்கவில்லை. மேல் மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் டயோடு வழியாகப் பேட்டரி லைனுக்குக் கொட்டிக்கொண்டே இருந்தது, ஃபியூஸ் போகிற வரை. இந்த சர்க்யூட் லைன் ஷார்ட்டைத் தானாக நிறுத்தவே முடியாது. இப்போது பேட்டரி பக்கம் எதிர்முகமாக இன்னொரு மாஸ்ஃபெட், கூடவே டிசிக்கென்றே வரும் எம்சிபி, கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச். ஏசி எம்சிபியை நம்பக் கூடாது; ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும், டிசியில் அந்த வாய்ப்பு கிடையாது.

கடைசியாக அளந்தது: பேட்டரியில் இருந்து 271 வாட், லைனில் 260. 96 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. நேற்று சாயங்காலம் ஆறு மணி வாக்கில் படிக்கட்டில் உட்கார்ந்து டிஸ்ப்ளேயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரிக்குள் போகும் ஆம்பியர் பிளஸ், வெளியே வருவது மைனஸ். +0.6, +0.2, -0.1, ஒரு மேகம் விலகி மறுபடி +0.3, அப்புறம் -0.4. ஹாலில் ஃபேன் சத்தம் மாறவே இல்லை.

மூடி இன்னும் போடவில்லை. மில்லில் இருந்து வரும் போர்டுகளில் எத்தனை பல்லி எலும்புக்கூடு பார்த்திருப்பேன்! வர ஞாயிற்றுக்கிழமை முதல் வேலை அதுதான்.