விம் பழகும் முயற்சி: புள்ளி விசை வரையும் அதற்கு அப்பாலும்

விம் (Vim) என்ற உரைத் தொகுப்பானைப் பழக விரும்புவோர் கையில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு நீண்ட கட்டளைப் பட்டியல்தான். அதை ஒதுக்கிவைத்துவிட்டு, டெர்மினலில் ‘விம்டியூட்டர்’ என்று தட்டினால் திறக்கும் பயிற்சிக் கோப்பிலிருந்து தொடங்கினேன். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் அந்தப் பாடம், தன் நகலொன்றையே நம்மிடம் தந்து திருத்தச் சொல்வதால், படிப்பதும் செய்வதும் ஒரே இடத்தில் நடந்துவிடுகின்றன.

கர்சரை நகர்த்தும் எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளுக்கு அறிமுகக் கட்டுரைகள் தரும் முக்கியத்துவம் அளவுக்கு மீறியது என்பது என் கருத்து. பில் ஜாய் 1976இல் விஐ தொகுப்பானை உருவாக்கப் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மீதே அச்சிடப்பட்டிருந்தன. எழுதுவதை நிறுத்திக் கட்டளைகளுக்குத் திரும்ப உதவும் எஸ்கேப் விசையும் இன்று டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. விஐயின் வழிவந்த விம்மில் இன்றும் அதே விசைகள் தொடர்கின்றன. எஸ்கேப் மட்டும் மூலைக்குப் போய்விட்டதால், அதே வேலையைச் செய்யும் கன்ட்ரோலையும் இடப்பக்கச் சதுர அடைப்பையும் சேர்த்து அழுத்தப் பழகிக்கொண்டேன். நகர்வைப் பொறுத்தவரை, சொல் சொல்லாகத் தாவும் டபிள்யூவும், அதே வரியில் குறிப்பிட்ட எழுத்துக்குப் போகும் எஃப்பும், தேடலுக்கான சாய்கோடும் கைக்கு வந்தபிறகு, ஒவ்வொரு கட்டமாக நகரும் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.

உண்மையான முன்னேற்றம், கட்டளைகள் தனித்தனியானவை அல்ல என்று தெரிந்துகொண்ட பிறகே வந்தது. நீக்க டி, மாற்ற சி, நகலெடுக்க ஒய் என்று செயல்கள் சில. அவற்றின் பின்னால் எந்த நகர்வையும் சேர்க்கலாம் என்பதால், புதிதாக ஒரு நகர்வைக் கற்றால் மூன்று செயல்களும் அந்த அளவுக்கு விரிகின்றன. சொல், மேற்கோள் போன்ற ஒரு பகுதியை முழுதாகச் சுட்டும் உரைப்பொருள்கள் இதைவிடப் பயனுள்ளவை: சி, ஐ, இரட்டை மேற்கோள் என்று அடுத்தடுத்து அழுத்தினால், மேற்கோளுக்குள் கர்சர் எங்கே இருந்தாலும் உள்ளிருக்கும் உரை முழுவதும் நீங்கி, புதிதாக எழுத இடம் கிடைக்கிறது.

கடைசித் திருத்தத்தை அப்படியே மீண்டும் செய்யும் புள்ளி விசையை நான் தாமதமாகவே பொருட்படுத்தினேன். இப்போது ஒவ்வொரு திருத்தத்தையும் அதை மனத்தில் வைத்தே அமைக்கிறேன். ஒரு சொல்லின் நடுவில் நின்று டி, டபிள்யூ அழுத்தினால் கர்சரிலிருந்து அடுத்த சொல்லின் தொடக்கம் வரையிலான பகுதி மட்டுமே நீங்கும். டி, ஏ, டபிள்யூ அழுத்தினாலோ முழுச் சொல்லும் அதையொட்டிய இடைவெளியும் நீங்கும். ஆகவே வேறிடம் சென்று புள்ளியை அழுத்தினால் அங்கும் அதே விளைவு கிடைக்கும். பல இடங்களில் வரும் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால், அதைத் தேடியபின் சி, ஜி, என் என்று அழுத்திப் புதிய சொல்லை ஒருமுறை எழுதி எஸ்கேப் கொடுத்துவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் புள்ளியை மட்டும் அழுத்திச் செல்லலாம். விட்டுவிட வேண்டிய இடத்தை ‘என்’ (n) விசையால் தாண்டலாம். முழுக்கோப்பையும் ஒரே கட்டளையில் மாற்றும் முறை வேகமானதுதான் என்றாலும், ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டிய உரைநடைக்கு எனக்கு இதுவே பொருந்துகிறது.

நகலெடுத்த உரையை ஒட்டுவதற்கு முன் வேறொன்றை நீக்க நேர்ந்தால், ஒட்டும்போது நீக்கியதே வந்து நிற்கும். நகலெடுத்தது, விம் உரையைச் சேமித்துவைக்கும் பதிவேடுகளுள் ஒன்றான பூஜ்ஜியப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. இரட்டை மேற்கோள், பூஜ்ஜியம், பி அழுத்தினால் அது வந்துவிடுகிறது.

தமிழில் எழுதும்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு. இயங்குதளத்தின் தமிழ் விசைப்பலகை செயலில் இருக்கையில், எழுதும் செருகு நிலையிலிருந்து, விசைகள் கட்டளைகளாக இயங்கும் கட்டளை நிலைக்குத் திரும்பினால், அழுத்தும் விசைகள் தமிழ் எழுத்துகளாகவே விம்மைச் சென்றடைவதால் கட்டளைகள் இயங்குவதில்லை. அழுத்தும் விசைகளை விம்முக்குள்ளேயே வேறு எழுத்துகளாக மாற்றும் ‘கீமேப்’ வசதி இதற்குத் தீர்வாகிறது: எழுத்து மாற்றம் செருகு நிலையில் மட்டும் நடக்கிறது, கட்டளைகள் ரோமன் எழுத்துகளிலேயே நிற்கின்றன, ஆனால் எஃப்பை அடுத்து நாம் தரும் எழுத்து மட்டும் தமிழாக மாறிக்கொள்கிறது. எக்ஸ் விசை இயல்பாகக் ‘கி’ என்பதை ஒரே எழுத்தாக நீக்குகிறது. ‘டெல்கம்பைன்’ விருப்பத்தை இயக்கினால் உயிர்க்குறி மட்டும் நீங்கிக் ‘க’ எஞ்சும். எழுத்துப்பிழை திருத்துகிறவருக்கு இரண்டாவதே வசதியானது.

ஒருங்குறித் தமிழுக்கேற்ற கீமேப் கோப்பொன்றை இப்போது நானே எழுதிவருகிறேன். வரிக்கொரு இணை, இடப்பக்கம் அழுத்தும் விசைகள், வலப்பக்கம் வரவேண்டிய எழுத்து என்பதுதான் அதன் அமைப்பு. உயிரெழுத்துகளும் ககர வரிசையும் முடிந்துவிட்டன. எஞ்சிய பதினேழு மெய்களின் வரிசைகளை, ககர வரிசையை நகலெடுத்து, கியூ விசையால் பதிவுசெய்த மேக்ரோவை, அதாவது திரும்பத் திரும்ப இயக்கக்கூடிய விசைத்தொடரைக் கொண்டு உருவாக்கப் பார்க்கிறேன். இடப்பக்கம் ஒழுங்காக வருகிறது, வலப்பக்கத்தில் உயிர்க்குறியைத் தொடாமல் மெய்யை மட்டும் மாற்றும் வழிதான் இன்னும் கைகூடவில்லை.