15 குதிரைவலு இஞ்சினுக்கு எந்தப் புரப்பெல்லர்? மட்டக்களப்பு வாவியில் செய்து பார்த்தது

தனியாகப் போனால் என் 15 அடி பைபர் போட் பறக்கும். மச்சானும் மகனும் ஏறி, ஐஸ் பெட்டியையும் வைத்துவிட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதபடி ஊரும். ஆறு மாதமாகக் காபரேட்டரில்தான் பிழை என்று நினைத்திருந்தேன். இரண்டு தரம் கழற்றிக் கழுவினேன், பிளக் மாற்றினேன், ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் பாலமீன்மடுப் பக்கம் இஞ்சின் வேலை செய்யும் ஒரு அண்ணனிடம் சொன்னேன். சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“தம்பி, இஞ்சின் நல்லாத்தான் இரிக்கு. பின்னால என்ன பூட்டியிருக்கெண்டு பாத்தியா? முதல் அதைப் பாரு. மறுகா மத்ததைப் பேசுவம்.”

போட்டைத் தள்ளும் விசிறியான புரப்பெல்லரின் நடுக் குடத்தில் உப்புப் படிந்திருந்த இடத்தைச் சுரண்டினால் 9¼ × 11 என்று அடித்திருந்தது. முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். மரத்தில் திருகாணி இறங்குவதுபோலத் தண்ணீரில் வழுக்காமல் ஏறினால் ஒரு சுற்றுக்கு 11 அங்குலம் முன்னுக்குப் போகும் என்பது கணக்கு. பிட்ச் கூடக்கூட இஞ்சினுக்குச் சுமை கூடும். எனக்கு முன் இந்த இஞ்சினை வைத்திருந்தவர் வேகத்துக்காக இதைப் போட்டிருக்க வேண்டும்.

ஊகத்தில் வாங்கக்கூடாது என்று இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் சின்ன டிஜிட்டல் டக்கோமீற்றர் ஒன்று எடுத்தேன். அதன் வயரைப் பிளக் வயரில் சுற்றிவிட்டால் போதும். முதல் ஓட்டத்தில் 8200 என்று காட்டியதும் பயந்துவிட்டேன். அது இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்ற அமைப்பில் கிடந்திருக்கிறது. என் இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விழுவதால் எண் இரட்டிப்பாக வந்தது. இதை வாங்குகிறவர்கள் அந்த அமைப்பை முதலில் பாருங்கள்.

கச்சான் காற்று எழும்புமுன் விடிய ஆறு மணிக்குக் கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே ஓடினேன். போக ஒருதரம், வர ஒருதரம், இரண்டின் சராசரி. வேகம் போன் ஜீபிஎஸ்ஸில். முழுத் திறப்பில், அதாவது அக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, தனியாக 5150 சுற்று, மணிக்கு 30 கிலோமீற்றர். மூன்று பேரும் பெட்டியும் இருக்கையில் 4100 சுற்று, 13 கிலோமீற்றர். என் இஞ்சினின் கைநூல் முழுத் திறப்பில் 4500க்கும் 5500க்கும் இடையில் நிற்கவேண்டும் என்கிறது. ஆக, ஆறு மாதமாகச் சுமையோடு போன ஒவ்வொரு முறையும் இஞ்சினை நெரித்திருக்கிறேன். அப்படி ஓட்டினால் சூடு ஏறும், கரி படியும், பிஸ்டனுக்குக் கேடு. அதை நினைக்க மனம் கஷ்டப்பட்டது.

பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 சுற்று கூடும் என்பது பொதுவான கணக்கு. ஒன்பதுக்கு இறங்கினால் தனியாக ஓடும்போது 5500ஐத் தாண்டிவிடலாம். அதனால் 9¾ எடுத்தேன், விட்டம் அதே 9¼. பழையதைக் கையோடு கொண்டுபோய், உள்ளே தண்டைப் பிடிக்கும் எட்டுப் பல்லையும் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

பூட்டுகிற வேலை அரை மணித்தியாலம் என்று நினைத்தேன், பின்னேரம் முழுக்க எடுத்தது. பிளக் மூடிகளைக் கழற்றிவிட்டுத்தான் புரப்பெல்லரில் கை வைக்கவேண்டும். தவறி இஞ்சின் பற்றினால் விரல் போய்விடும். இதழுக்கும் மேலே கிடையாக நிற்கும் தட்டுக்கும் இடையில் ஒரு மரக்கட்டையைச் செருகி, நட்டுக் கழராமல் பிடிக்கும் பிளவு ஊசியை நிமிர்த்தி இழுத்து, நட்டைக் கழற்றினேன். புரப்பெல்லர் வெளியே வந்ததும் தண்டின் அடியில் பச்சை வளையம் ஒன்று. றப்பர் சீல் என்று நினைத்தேன். நகத்தால் கிளறினால், நைலோன் வலை! சூட்டில் இறுகி மோதிரம்போல் ஆகியிருந்தது. சின்னக் கத்தியால் இழை இழையாக வெட்டி எடுத்தேன். அதன் ஓரம் ஒயில் சீலைத் தொட்டுக்கொண்டு இருந்தது. வலை விரிக்கும் வாவியில் ஓடுகிறவர்கள் இந்த இடத்தை மாதம் ஒருதரமாவது திறந்து பார்க்கவேண்டும். சீல் அறுந்தால் கியர் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர்தான்.

தண்டைத் துடைத்து, தண்ணீரில் கரையாத கிரீஸ் பூசி, புதியதை ஏற்றி நட்டை இறுக்கிக் கையால் சுற்றினால் கர்ர் என்று உரசியது. முன்பக்கத்துத் தடித்த வொஷர் பழைய கிரீஸில் ஒட்டிப் பழைய புரப்பெல்லரோடு போயிருந்தது. அது இல்லாமல் ஓடியிருந்தால் குடம் கியர் பெட்டியை அரைத்திருக்கும். திரும்பக் கழற்றி, அந்த வொஷரைப் போட்டேன். நட்டின் வெட்டும் தண்டின் துளையும் நேர்படாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கவேண்டும், தளர்த்தக்கூடாது. பிளவு ஊசி புதிது.

அடுத்த ஞாயிறு அதே இடம், அதே மூன்று பேர், அதே பெட்டி. 4850 சுற்று, 23 கிலோமீற்றர். ஒன்றேகால் அங்குலத்துக்கு 250 சுற்று கூடும் என்று எதிர்பார்த்த இடத்தில் 750 கூடியிருந்தது. காரணம், போட் இப்போது தண்ணீரை உழாமல் மேலே எழும்பி ஓடுகிறது. மூக்குத் தாழ்ந்து முன்னுக்குத் தண்ணீர் தெரிந்த அந்த நேரம் மகன் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. தனியாக 5400 சுற்று, 29 கிலோமீற்றர். இழந்தது ஒரேயொரு கிலோமீற்றர்.

வழுக்கலையும் கணக்குப் பார்த்தேன். என் இஞ்சினின் கியர் விகிதம் 2.08. 4850ஐ அதால் பிரித்தால் புரப்பெல்லர் நிமிடத்துக்கு 2332 தரம் சுற்றுகிறது. 9¾ அங்குலத்தால் பெருக்கினால் மணிக்கு 34.6 கிலோமீற்றர் போகவேண்டும். போனது 23. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரில் வழுக்கிப் போகிறது. பழையதில், அதே சுமையில், அது 60 வீதம்.

மாரியில் ஆற்றுவாழைச் செடிகள் மிதந்து வரும்போது இது எப்படி நடக்கும் என்று இனித்தான் பார்க்கவேண்டும். பழைய 11ஐ, இரண்டு பிளவு ஊசியும் சாவியும் சேர்த்துச் சாக்கில் சுற்றிப் போட்டுக்குள் வைத்திருக்கிறேன். நேற்று, பத்து மணித்தியாலம் ஓடிய பிறகு, கியர் பெட்டியின் கீழ்த் திருகாணியைத் தளர்த்தி நாலு துளி ஒயிலை வெள்ளைப் பீங்கானில் விட்டுப் பார்த்தேன். பால் நிறம் இல்லை, உள்ளே தண்ணீர் போகவில்லை.